விடியலைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா?

அலாரம் அடித்ததும் பதறி எழுகிறோம். நெஞ்சு படபடக்கிறது, எந்தக் கிழமை என்பதே உடனே பிடிபடுவதில்லை. கை மட்டும் பழக்கத்தில் போய் செல்போனை அமுக்குகிறது. ஐந்து நிமிஷம், இன்னொரு ஐந்து நிமிஷம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அரைமணி தாமதமாக, தலை கனத்துப்போய் எழுந்திருக்கிறோம். இரவு ஏழு மணி நேரம் தூங்கியவருக்கும் இது நடக்கும்.

இதற்கு ஒரு மாற்றாகச் சில ஆண்டுகளாக நம் ஊர் ஆன்லைன் கடைகளிலும் தென்படுவதுதான் சன்ரைஸ் அலாரம். கடிகாரமும் விளக்கும் சேர்ந்த ஒரு சாதனம். எழ வேண்டிய நேரத்தை அதில் வைத்துவிட்டால், அதற்கு அரைமணி முன்பிருந்தே விளக்கு மெல்ல எரியத் தொடங்கும். முதல் சில நிமிஷங்களுக்கு மங்கலான சிவப்பு. இருட்டில் கண்ணைத் திறந்து பார்த்தால்தான் அது எரிவதே தெரியும். பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். குறித்த நேரம் வரும்போது அறை முழுக்க வெள்ளையும் மஞ்சளும் கலந்த வெளிச்சம். அதற்குள் நீங்கள் எழவில்லை என்றால் பறவைச் சத்தமோ மணியோசையோ சின்னதாய் ஆரம்பித்து, போகப்போகக் கூடும். இவ்வளவுதான் கருவி. இங்கிலாந்தின் லூமி நிறுவனம் 1993லேயே இப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிலிப்ஸ் களத்தில் இறங்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

விலை சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. வெறும் விளக்குக்கு இத்தனை காசு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதில் நீங்கள் எங்கே, எப்படிப்பட்ட அறையில் தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குப் போகும் முன், வெளிச்சம் உடம்பை எப்படி எழுப்புகிறது என்று பார்த்துவிடலாம்.

பார்ப்பதற்கு மட்டுமல்ல கண்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் இருபதாயிரம் நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு ஏற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் அது நடத்துகிறது. செல்லுக்குள் இருக்கும் மரபணுக்கள் இந்தக் கடிகாரத்தை எப்படி ஓட்டுகின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தைத் தன்போக்கில் விட்டால் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். தினமும் யாராவது சரிசெய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் உருவங்களைப் பார்க்க உதவும் செல்கள் மட்டும்தான் வெளிச்சத்தை உணர்கின்றன என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். மெலனாப்சின் என்ற நிறமி 1998இல் தவளைத் தோலில் கண்டுபிடிக்கப்பட்டது. 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனும் அவருடைய குழுவினரும், அந்த நிறமியைத் தாங்கிய சில விழித்திரைச் செல்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்ந்து நேராக மூளைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதைக் காட்டினார்கள். பார்வையை முற்றிலும் இழந்தவர்களில் சிலருக்குக்கூட இந்தச் செல்கள் வேலை செய்வதால், பகலும் இரவும் அவர்கள் உடம்புக்குத் தெரிகிறது.

இருட்டியதும் மூளையில் மெலடோனின் சுரக்கிறது. அது இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு. வெளிச்சம் பட்டால் அது குறையும். விடியும் நேரத்தில் கார்டிசால் என்ற சுரப்பு ஏறத் தொடங்கி, கண் விழித்த முதல் அரைமணியில் இன்னும் கூடும். உடம்பின் சூடு, எழும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி முன்னால் மிகத் தாழ்ந்த நிலைக்குப் போய்விட்டு மேலே ஏறத் தொடங்குகிறது. ஆக, எழுவது என்பது ஒரு நொடியில் நடக்கும் காரியமில்லை. உடம்பு ஒன்றிரண்டு மணி நேரமாக அதற்கான ஏற்பாட்டில் இருக்கிறது. அலாரம் அந்த ஏற்பாடு முடியும்வரை காத்திருப்பதில்லை.

ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்பப்பட்டால் வரும் மந்தநிலை சாதாரணமாகக் கால் மணியிலிருந்து அரைமணிவரை இருக்கும். சிலருக்கு ஒரு மணி நேரம்கூட நீளும். அந்த நேரத்தில் யோசிப்பதும் வேகமாகச் செயல்படுவதும் உண்மையிலேயே குறைகிறது. அலாரம் அடித்ததும் எழுந்து வண்டியை எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைப்பது நல்லது. விடியல் விளக்கின் கணக்கு எளிமையானது. கடைசி அரைமணியில் வெளிச்சம் கூடக் கூடத் தூக்கம் மெல்லிசாகும். மெல்லிய தூக்கத்திலிருந்து எழுவது சுலபம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் எழச் சிரமப்படும் 16 பேரைச் செயற்கை விடியலோடு ஒரு நாளும் அது இல்லாமல் ஒரு நாளும் எழுப்பினார்கள். விளக்கு எரிந்த காலையில் தூக்கக் கலக்கம் சீக்கிரம் விலகியதாக அவர்கள் சொன்னார்கள். பதினாறு பேர் என்பது சின்னக் கூட்டம்தான். விளக்கு எரிவது அவர்களுக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனாலும் இதே போக்கில் வேறு ஆய்வுகளும் வந்திருப்பதால், ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தூங்கும்போது கண் மூடியிருக்கிறது. இமையைத் தாண்டி உள்ளே போவது மிகச் சிறு பங்கு வெளிச்சம்தான். அதிலும் சிவப்புதான் ஓரளவு நுழையும். நீலம் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். மெலனாப்சின் செல்களோ நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் அசைந்துகொடுக்கும். அதனால்தான் இந்த விளக்குகளை முகத்துக்குப் பக்கத்தில், நல்ல பிரகாசத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அறையின் மூலையில் அழகுக்கு வைத்தால் அது அழகுக்கு மட்டும்தான்.

சூரியனே வராத ஊர்கள்

இந்தச் சாதனம் வடக்கே ஏன் இவ்வளவு விற்கிறது என்பதை ஒரு ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லாங்யியர்பைன் என்று ஒரு ஊர். 78 டிகிரி வடக்கு. அக்டோபர் கடைசியில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால், பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் வந்து விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று பழைய ஆஸ்பத்திரியின் படிக்கட்டு இருந்த இடத்தில் ஊரே கூடி நின்று வெயிலை வரவேற்கிறது. அதையொட்டி ஒரு வாரம் விழா. பிலிப்ஸ் தன் விடியல் விளக்கைப் பிரபலப்படுத்த 2010இல் தேர்ந்தெடுத்த ஊர் இதுதான். ஊர்க்காரர்கள் பலருக்கு விளக்கைக் கொடுத்து, எழுவது சுலபமாயிற்றா என்று கேட்டுப் படம் பிடித்தார்கள். அது விளம்பரம், அறிவியல் சோதனை அல்ல. ஆனால் இந்த விளக்கு யாருடைய கஷ்டத்துக்காகப் பிறந்தது என்பதை அது நன்றாகவே காட்டிவிட்டது.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஜனவரி தொடக்கத்தில் லண்டனில் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணி தாண்டிவிடும். ஆஸ்லோவில் ஒன்பதேகால். டொரோண்டோவில் எட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் ஒருவர் அங்கே இருட்டில் எழுந்து, இருட்டில் பஸ் ஏறி, மாலை இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போய் இந்த ஊர்களில் குடியேறியவர்களுக்கு முதல் குளிர்காலம் குளிரால் மட்டும் கடினமாக இருப்பதில்லை. ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடியும் ஊரில் வளர்ந்த உடம்பு, எட்டு மணிவரை இருட்டாக இருப்பதைப் பழக நாளாகிறது.

குளிர்கால இருட்டில் சிலருக்கு மனச்சோர்வே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் 1984இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அதற்கான சிகிச்சைகளில் ஒன்று, காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் வெளிச்சத்தின் முன் கண் விழித்து உட்காருவது. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. விடியல் விளக்குகள் தருவது சாதாரணமாக 200, 300 லக்ஸ், அதுவும் அரை மீட்டர் தூரத்தில். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டெர்மன், சியாட்டிலில் டேவிட் ஏவரி போன்றவர்கள் செயற்கை விடியலையும் இந்நோய்க்குப் பயன்படுத்திப் பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் கடையில் வாங்கும் கடிகாரத்தை சிகிச்சை விளக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு.

நம் ஊரில் யாருக்கு வேண்டும்?

சென்னையில் மே கடைசியில் காலை ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்பே சூரியன் உதித்துவிடும். மிகத் தாமதமாக உதிக்கும் ஜனவரி கடைசியில்கூட ஆறரையைத் தாண்டி ஐந்து நிமிஷம்தான். ஆண்டு முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கிழக்குப் பார்த்த ஜன்னலும், காலை ஆறரைக்கு எழும் பழக்கமும் உள்ளவருக்கு இந்த விளக்கு தேவையே இல்லை. இரவில் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி வைத்துப் படுத்தால் போதும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ், நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் அதை விற்க முடியாது. மாடியில் ஒரு நடை, வாசலில் பத்து நிமிஷம், அவ்வளவே செலவு.

ஆனால் எல்லா அறையும் அப்படி இல்லை. ஏ.சி. போடுவதால் ஜன்னலைச் சாத்தி, தடித்த திரை போட்ட அறைகள் இப்போது அதிகம். பக்கத்துக் கட்டிடத்தின் சுவரைப் பார்த்திருக்கும் அடுக்குமாடி ஜன்னலுக்குள் எட்டு மணிக்கும் வெளிச்சம் வராது. காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, ஆறு மணி ரயிலைப் பிடிப்பவர்களுக்குச் சூரியன் எழும்வரை காத்திருக்க நேரமில்லை. இரவுப் பணி முடித்து வந்து பகலில் இருட்டறையில் தூங்கி மாலை மூன்று மணிக்கு எழுபவருக்கும் இது உண்மையிலேயே உதவும். அவருடைய விடியலை அவரேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காது கேளாதவர்களுக்கும் வெளிச்சம் ஒரு துணை. ஆனால் கட்டாயம் எழ வேண்டிய நாளில் தலையணைக்கடியில் அதிரும் அலாரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வதே பத்திரம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. இந்தச் சாதனத்தை வடிவமைத்தவர்கள், ஒருவருக்கோ இருவருக்கோ ஓர் அறை, பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, கட்டிலின் மேல் உயரமான மெத்தை என்று நினைத்திருக்கிறார்கள். ஒரே அறையில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில், ஐந்து மணிக்கு எழும் ஒருவருக்காக எரியும் விளக்கு, ஏழு மணிவரை தூங்க வேண்டிய குழந்தையையும் எழுப்பிவிடும். தரையில் படுப்பவருக்கு மேஜைமேல் இருக்கும் விளக்கின் வெளிச்சம் முகத்தில் விழாது. கொசுவலை கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும். இப்படிப்பட்ட வீட்டில் விளக்கைவிட, சத்தம் மெல்ல ஏறும் அலாரமோ, கையில் கட்டிக்கொள்ளும் அதிர்வுக் கடிகாரமோதான் பொருந்தும்.

வைப்பது எப்படி

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முகத்திலிருந்து 40, 50 சென்டிமீட்டர் தூரத்தில், தலையின் உயரத்துக்கு வையுங்கள். இந்தத் தூரம் முக்கியம். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 300 லக்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 75 ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்களோ அந்தப் பக்கம் வையுங்கள்.

விடியல் நேரத்தை 30 நிமிஷத்தில் தொடங்கலாம். பிரகாசத்தை முதல் வாரம் நடுத்தரத்தில் வையுங்கள். விளக்கு முழுப் பிரகாசத்துக்கு வந்தும் உறக்கம் கலையவில்லை என்றால் கூட்டுங்கள். மாறாக, எழ வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்பே விழித்துக்கொள்கிறீர்கள் என்றால் நேரத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் தினமும் இருபது நிமிஷத் தூக்கம் போய்க்கொண்டே இருக்கும். சத்தத்தை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட வேண்டாம். சில வாரங்களுக்குச் செல்போன் அலாரத்தையும், கை எட்டாத தூரத்தில், காப்பாக வைத்திருங்கள். ஆழ்ந்து தூங்குகிறவர்களை வெறும் வெளிச்சம் எழுப்பிவிடும் என்று சொல்ல முடியாது.

எழும் நேரத்தை முன்னே கொண்டுவர நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். உடல் சூடு மிகத் தாழ்ந்த நேரத்துக்குப் பின் வரும் வெளிச்சம் உள்ளேயிருக்கும் கடிகாரத்தை முன்னால் தள்ளும். அதற்கு முன் வந்தால் பின்னால் தள்ளும். எட்டு மணிக்கு எழும் ஒருவர் திடீரென்று நாலரைக்கு விளக்கு வைத்துக்கொண்டால் உடம்பு அதை நேற்றைய மாலையின் நீட்சியாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிஷம் முன்னே நகர்த்துவதுதான் வழி. படுக்கும் நேரத்தையும் கூடவே நகர்த்த வேண்டும். பரீட்சைக் காலத்தில் பிள்ளையைத் திடீரென்று நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கவைக்கும் பெற்றோருக்கும் இதே விஷயம்தான். பதின்வயதில் உடம்பின் கடிகாரமே இயல்பாகப் பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை.

தனியாக விளக்கு வாங்கும் முன், வீட்டில் ஸ்மார்ட் பல்பு இருந்தால் அதை முதலில் முயன்று பாருங்கள். பெரும்பாலான செயலிகளில் குறித்த நேரத்தில் மெல்ல ஏற்றும் வசதி உண்டு. பழைய டேபிள் லாம்பில் அதை மாட்டி, இரவே அட்டவணை போட்டுவிட்டால் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ஒரே நிபந்தனை, சுவர் சுவிட்ச் இரவெல்லாம் போட்டபடியே இருக்க வேண்டும். கரண்ட் வீணாகிறதே என்று வீட்டில் யாராவது படுக்கும் முன் அணைத்துவிட்டால் மறுநாள் விடியல் ரத்து. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இரண்டுக்குமே இன்வெர்ட்டர் இணைப்பு தேவை. சில கடிகாரங்களில் உள்ள பேட்டரி நேரத்தை நினைவில் வைக்கத்தான் உதவும், விளக்கை எரிக்காது. வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதிலும் பாதிப் பலன் இருக்கிறது. கண்ணைத் திறந்ததும் இமைத் தடை நீங்கிவிடுகிறது. விளக்கு இருபது நிமிஷம் எரிந்துகொண்டே இருக்கட்டும். பிறகு ஜன்னலைத் திறங்கள் அல்லது வெளியே போங்கள். இரவில் இதற்கு நேர்மாறு. படுக்கும் முன் ஒரு மணி நேரம் அறை விளக்கைத் தணித்து, செல்போனை விலக்கிவைக்க வேண்டும். நள்ளிரவுவரை முகத்துக்கு நேராகத் திரையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் ஐயாயிரம் ரூபாய் விளக்கால் அதைச் சரிக்கட்ட முடியாது.

வலிப்பு நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் இதைப் பயன்படுத்தும் முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். இருமுனைக் கோளாறில் அதிக வெளிச்சம் மனநிலையைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும்.

கடைசியாக ஒன்று. விடியல் விளக்கு எழுவதைச் சுலபமாக்கும், குறைந்த தூக்கத்தை ஈடுகட்டாது. ஐந்து மணி நேரமே தூங்குபவர் எந்த விளக்கிலும் அசதியோடுதான் எழுவார். போதுமான நேரம் தூங்கியும் காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், இரவில் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்வது என்று இருந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் விளக்குக்குச் செலவழிக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு முதலில் நுரையீரல் அல்லது காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.